மரபணுவும் கத்தரிக்கோலும்: பட்டர்வொர்த்தில் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், மரபணுவைப் பற்றிப் பேச அழைத்தார்கள். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரு மணி நேரம் பேசுவது பெரிய காரியமில்லை. கேள்விகளைத்தான் சமாளிக்க முடியவில்லை. சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடச் சொன்னேன். மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்தபோதும் டின்னில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதிய பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டி.என்.ஏ., மரபணு, குரோமோசோம் எல்லாம் ஒன்றுதானா, சார்?

ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கீறியிருக்கும் எழுத்துதான் டி.என்.ஏ. மொத்தம் நான்கே எழுத்து: ஏ, டி, ஜி, சி. கட்டுகள்தான் குரோமோசோம்கள். அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23, ஆக 46. ஒவ்வொரு தரப்பிலும் 300 கோடிக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள். இதில் 'இந்தப் புரதத்தை இப்படிச் செய்' என்று சொல்லும் பாட்டு ஒவ்வொன்றும் ஒரு மரபணு. மனிதனுக்கு அப்படி ஏறக்குறைய 20,000 உண்டு. எல்லாம் சேர்ந்தாலும் மொத்த எழுத்தில் சுமார் 2 விழுக்காடுதான் புரதத்தைப் பற்றிப் பேசுகிறது. மீதியில் எந்தப் பாட்டை எப்போது, எவ்வளவு சத்தமாகப் பாடுவது என்ற குறிப்புகள் கொஞ்சம். பழைய வைரஸ்களின் மிச்சம், திரும்பத் திரும்ப வரும் வரிகள் நிறைய.

இந்தச் சுவடியை முழுதாக வாசிக்கும் பன்னாட்டு முயற்சி 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் அப்போதும் சில ஏடுகள் வாசிக்க முடியாமல்தான் கிடந்தன. அந்த இடைவெளிகள் 2022-இல்தான் நிரம்பின.

ஒரே ஓர் எழுத்து மாறினால் அவ்வளவு கெடுதலா?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்களையும் பக்கத்து நாற்காலிக்காரரையும் ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து வேறுபடும். சுவடி படித்தவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். எந்தப் பாடம் சரி, எது பிழை என்று சொல்ல முடியாது, இரண்டும் பொருள் தரும்.

ஆனால் சில இடங்களில் ஓர் எழுத்தே போதும். 'பிள்ளை பள்ளிக்குப் போனான்' என்பதில் ளகரம் லகரமானால் பிள்ளை பல்லிக்குப் போய்விடுவான். 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் ஏ, டி-ஆக மாறினால் அப்படித்தான் ஆகிறது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. அதனால் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, சிறு ரத்தக்குழாய்களில் சிக்குகிறது. அரிவாள்செல் நோய் என்பது இதுதான். ஆப்பிரிக்கர் நோய் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதே மாற்றம் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இருப்பது 1952-லேயே பதிவாகிவிட்டது.

இந்த மாற்றத்தை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவருக்கு மலேரியா எளிதில் உயிரை எடுப்பதில்லை. மலேரியா மண்டிய ஊர்களில் இந்தப் 'பிழை' அழியாமல் தங்கியதற்கு அதுவே காரணம். எனவே பிழை என்று சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

ஒரே ரத்த குரூப் உள்ளவர்கள் கல்யாணம் செய்யக்கூடாதாமே?

செய்யலாம். இந்தச் சீட்டு ஐந்து வந்தது, ஒன்றில் நிச்சயதார்த்தமே நின்றுவிட்டதாக எழுதியிருந்தார்கள். வருத்தமாக இருந்தது. கவனிக்க வேண்டியது ஆர்எச், அதாவது குரூப்போடு சொல்லும் பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும்தான்: தாய் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்கத் தொடங்கலாம். அதற்கு ஊசி இருக்கிறது, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் போடுவார்கள். கல்யாணத்தை நிறுத்தும் விஷயமே இல்லை. ரத்தத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியது வேறொன்று, அடுத்த கேள்வியில் வருகிறது.

படிவம் 4-இல் மகளுக்கு ரத்தம் எடுத்து 'தலசீமியா கேரியர்' என்று கடிதம் கொடுத்தார்கள். அவளுக்கு நோயா?

இல்லை அம்மா. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய், கேரியர் என்றால் அதன் குறையைச் சுமப்பவர் மட்டுமே. உங்கள் மகள் நலமாகத்தான் இருப்பாள். ஹீமோகுளோபின் செய்யும் பாட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் குறை, மற்றொன்று வேலையைச் சமாளித்துக்கொள்கிறது. சிவப்பணு கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சிறிய சிவப்பணு இரும்புச்சத்துக் குறைவிலும் வரும். என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. பிறகு வேறொரு டாக்டர் ரத்தத்தில் உள்ள இரும்பை அளந்து பார்த்தால், இரும்பு தேவைக்கும் மேலே இருக்கிறது. அவள் தலசீமியா கேரியர். கேரியர் என்று தெரிந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்டுங்கள்.

சிக்கல் வருவது இரண்டு கேரியர்கள் மணக்கும்போது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை இரண்டு குறைப் பிரதிகளையும் வாங்கிக்கொள்ளும். 'மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது' என்று ஒரு தகப்பனார் என்னிடம் நிம்மதியாகச் சொன்னார். அப்படி இல்லை. காசைச் சுண்டும்போது முன்பு என்ன விழுந்தது என்பது காசுக்குத் தெரியாது. அடுத்த குழந்தைக்கும் அதே நாலில் ஒன்றுதான்.

கடுமையான தலசீமியாவோடு பிறந்த குழந்தை முதல் சில மாதம் நன்றாகவே இருக்கும். பிறகு வெளுக்கத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு வரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும், அதை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்து. அண்ணன் தம்பி அக்காள் தங்கையில் ஒருவருடைய எலும்பு மஜ்ஜை பொருந்தினால் மாற்றிக் குணப்படுத்தலாம். பொருந்தும் வாய்ப்பு உடன்பிறப்பு ஒவ்வொருவருக்கும் நாலில் ஒன்று. மலேசியாவில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987-இல் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது.

இது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் வருவது, நமக்கில்லை என்கிறார்கள். அவர்களிடம் அதிகம், நம்மிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அப்புறம், பினாங்கில் கலப்புத் திருமணம் இல்லாத தெரு ஏது? மலாய்க்காரரிடம் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் 'ஈ' என்ற பாடபேதம் தனியாக வந்தால் சாது. பீட்டா தலசீமியாவோடு ஜோடி சேர்ந்தால் குழந்தைக்கு ரத்தம் ஏற்றும் நிலை வரலாம். இங்கே சிகிச்சை பெறுவோரில் பலருக்கு இந்த ஜோடிதான்.

பேரன் பிறந்ததும் ஜி6பிடி குறைவு என்றார்கள். கச்சாங் சாப்பிடக்கூடாதா?

கச்சாங் என்று மலாயில் சொல்லும் கடலை, பட்டாணி, அப்புறம் முறுக்கு எல்லாம் சாப்பிடட்டும். கச்சாங் பூத்தே கடையில் கச்சாங் பாராங் என்று பொரித்து விற்கிறார்களே, அகலமான அவரை விதை, அதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அலமாரியில் போடும் அந்துருண்டையும் ஆகாது. சில மலேரியா மருந்துகளும் ஆகாது. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பதால் இவை பட்டதும் அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, மாற்றுப் பிரதி கிடையாது, அதனால் பையன்களிடம் அதிகம். இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, யாரும் பாராட்டுவதில்லை.

மாமன் மகளைக் கட்டினால் பிள்ளை ஊனமாகப் பிறக்குமா?

இந்தக் கேள்விச் சீட்டுகளில் கையெழுத்தை மாற்றி எழுதியவர்களே அதிகம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நம் ஒவ்வொருவரிடமும் வெளியே தெரியாத சில குறைப் பிரதிகள் இருக்கின்றன. நல்ல பிரதி ஒன்று கூடவே இருப்பதால் அவை வாலாட்டுவதில்லை. ஒரே பாட்டனார் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவர் மணந்தால், அதே குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் 11,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், பிறவிக் குறைபாடு மற்றவர்களிடம் நூற்றுக்கு 3, பெற்றோர் நேரடிச் சொந்தமானால் நூற்றுக்கு 6. இருமடங்கு என்றும் சொல்லலாம், நூற்றில் 94 பிள்ளைகள் நலம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. கல்யாணப் பேச்சில் அவரவருக்கு வசதியான பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் முறை சொல்லும் வழக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண், சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் தங்கை. நினைத்தாலே பாவம் என்போம். ஆனால் மரபணுக் கணக்கில் நால்வரும் ஒன்றே, உங்களோடு எட்டில் ஒரு பங்கு பொது. 'வேறு குலம், அதனால் ரத்தம் வேறு' என்ற வாதம் ஆண் வழியை மட்டும் எண்ணுகிறது, டி.என்.ஏ. அம்மா வழியையும் அதே அளவு எண்ணும். அக்காள் மகளைக் கட்டும் தாய்மாமனுக்கோ நாலில் ஒரு பங்கு பொது. அது பாட்டனாருக்கும் பேத்திக்கும் உள்ள நெருக்கம். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவு மணங்களைத் தடுக்கும்போது, இந்துக்களின் இந்த ஒரு வழக்கத்துக்கு மட்டும் தனியாக விலக்கு தந்திருக்கிறது. சட்டம் விட்டுவிட்டது என்பதால் உடலும் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம்.

இருவரும் ஏற்கெனவே மனம் ஒத்துவிட்டீர்களா? நான் தடுக்க மாட்டேன். குடும்பத்தில் சிறுவயதில் இறந்த பிள்ளைகள், காது கேளாதவர்கள், காரணம் தெரியாத நோய்கள் உண்டா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொண்டு, மரபியல் மருத்துவரைப் பாருங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு.

தாத்தாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கு வராமல் ஜீனை மாற்ற முடியுமா?

முடியாது. மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு இடமில்லை, நூற்றுக்கணக்கான இடங்கள். ஒவ்வொன்றும் துளி துளியாகத் தள்ளுகிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. இதில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் ரப்பர் தோட்டத்தில் நாள் முழுக்கப் பால் மரம் வெட்டிய நம் பாட்டன்மாருக்கும் கிட்டத்தட்ட இதே மரபணுக்கள்தான். மாறியது மரபணு இல்லை, தே தாரிக் என்ற இழுத்து ஆற்றும் தேநீரில் ஊற்றும் கெட்டிப்பாலும் நாம் உட்கார்ந்தே கழிக்கும் நாளும்.

நம்மவரிடம் ஒற்றை மரபணு சொல்லும் கதையும் ஒன்று உண்டு. இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட பாடபேதம், இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பது 2009-இல் வெளியானது. பெரும்பாலும் நடுத்தர வயதுக்குப் பிறகே இதயத்தைத் தளர்த்துகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, ஏடு அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது.

டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் கத்தரிக்கோல் என்கிறார்களே, உள்ளே யார் பிடித்து வெட்டுகிறார்கள்?

மினி மார்க்கெட் கல்லாவுக்குப் பக்கத்தில், திருடியவன் படத்தைக் கேமராவிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? பாக்டீரியாவும் அதையே செய்கிறது. தன்னைத் தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை வெட்டித் தன் சுவடியில் ஒட்டிவைக்கிறது. அதே வைரஸ் மறுபடி வந்தால் படத்தோடு ஒப்பிட்டு, அடையாளம் சரியென்றால் வெட்டிப் போடுகிறது. 1987-இல் ஒசாகாவில் ஒரு பாக்டீரியாவைப் படித்தவர்கள் இப்படி ஒட்டிவைத்த பகுதியைக் கண்டார்கள், எதற்கென்று புரியவில்லை. அது பாதுகாப்பு ஏற்பாடுதான் என்று 2007-இல் சோதித்துக் காட்டியவர்கள் யோகர்ட் உறைபாக்டீரியா விற்கும் நிறுவனத்து ஆய்வாளர்கள். வைரஸ் வந்து உறையைக் கெடுக்கிறதே என்ற கவலை அவர்களுக்கு.

2012-இல் ஜெனிபர் டௌட்னாவும் எம்மானுவேல் ஷார்பாந்தியேவும் அந்தப் படத்தை நாம் விரும்பியபடி எழுதிக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ.வில் வழிகாட்டியாக 20 எழுத்து முகவரி, அதனுடன் காஸ்9 என்ற வெட்டும் புரதம். 2020-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

பலரும் தவறவிடுவது ஒன்று: கிரிஸ்பர் வெட்டத்தான் செய்யும். ஒட்டுவது உங்கள் செல். அவசரத்தில் ஒட்டினால் ஒன்றிரண்டு எழுத்து தொலையும், அந்த மரபணு முடங்கும். ஒன்றை முடக்குவதுதான் நோக்கம் என்றால் அதுவே போதும். சரியான எழுத்தை எழுதவைப்பதுதான் கடினம். முகவரி தவறும் ஆபத்தும் உண்டு. லோரோங் 3-க்கு வர வேண்டிய சாப்பாட்டுப் பொட்டலம் ஜாலான் 3-இல் இறங்கிய அனுபவம் இங்கே எல்லோருக்கும் இருக்கும். பொட்டலம் என்றால் திரும்ப வாங்கலாம். செல்லுக்குள் தவறான இடத்தில் விழுந்த வெட்டு, கெட்ட நேரமானால் புற்றுநோய்க்கு வழிவிடும். 2016-க்குப் பின் வந்த 'எழுத்துத் திருத்தி' முறை இரண்டு இழைகளையும் துண்டிக்காமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுகிறது. எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

தலசீமியாவை கிரிஸ்பர் குணமாக்கிவிட்டதாமே?

பலருக்கு ஆக்கியிருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லை. கேஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் உலகில் முதலாக அனுமதி தந்தது. அமெரிக்கா அடுத்த மாதம் அரிவாள்செல் நோய்க்கும், 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அனுமதித்தது. இதில் பிழையான எழுத்தை யாரும் திருத்துவதே இல்லை. கருவில் இருக்கும்போது நாமெல்லாம் வேறொரு ஹீமோகுளோபினை வைத்திருந்தோம். பிறந்த சில மாதத்தில் பிசிஎல்11ஏ என்ற மரபணு அந்தக் கடையை மூடிவிடுகிறது. தலசீமியாக் குழந்தை முதல் மாதங்களில் நன்றாக இருந்ததே, இதனால்தான். நோயாளியின் ரத்த மூலச்செல்லில் பிசிஎல்11ஏ-யை இயக்கும் இடத்தை வெட்டினால் மூடிய கடை திறந்துகொள்கிறது. நான் படித்ததிலேயே அழகான தந்திரம் இது.

இனி கசப்பான பாதி. செல்லை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, திருத்தி, சோதித்துத் திரும்ப வாங்க மாதக்கணக்கு ஆகும். திருத்திய செல்லுக்கு இடம் வேண்டும் என்பதால் பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் அழிக்கிறார்கள். பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பத்து மில்லியன் ரிங்கிட்.

உடம்பை விட்டு எடுக்காமலே திருத்த முடியாதா?

ஈரலில் முடிகிறது. கொழுப்புக் குமிழியில் மருந்தை அடைத்து ஊசி போட்டால் அது நேரே ஈரலுக்குப் போய்ச் சேரும். 2025-இல் பிலடெல்பியாவில், புரதம் செரிக்கும்போது வரும் அம்மோனியாவை வெளியேற்ற முடியாமல் பிறந்த ஆண் குழந்தைக்கு, அவனுடைய ஒற்றை எழுத்துப் பிழைக்கென்றே எழுத்துத் திருத்தி ஒன்றை ஆறு மாதத்தில் செய்து கொடுத்தார்கள். மூன்று தவணை. குழந்தை தேறி வீட்டுக்குப் போனான். உலகில் ஒரே ஒருவருக்காகச் செய்த மருந்து! மூளைக்கும் தசைக்கும் இப்படி அனுப்பும் வழி இன்னும் சரியாக அமையவில்லை.

பிள்ளை சிவப்பாக, உயரமாகப் பிறக்கச் செய்ய முடியுமா?

சிவப்பாக என்று எழுதியவர் மன்னிக்கவும், அந்த ஆசையைத்தான் முதலில் திருத்த வேண்டும். தோல் நிறத்தில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. உயரம் இன்னும் மோசம்: 2022-இல் 50 லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புடைய இடங்கள் 12,000-க்கு மேல் என்று கண்டார்கள். எங்கே போய் வெட்டுவது?

கருவைத் திருத்திய ஒருவர் இருக்கிறார். 2018 நவம்பரில் சீனாவின் ஹெ ஜியான்குயி, எச்.ஐ.வி. நுழையும் வாசலான சிசிஆர்5 மரபணுவைக் கருவில் வெட்டியதாகவும் இரட்டைப் பெண்கள் பிறந்துவிட்டதாகவும் அறிவித்தார். தேவையே இல்லாத வேலை. தந்தையின் எச்.ஐ.வி. பிள்ளைக்கு வராமல் தடுக்க வேறு வழி ஏற்கெனவே இருந்தது. வெட்டும் அரைகுறையாக, ஒவ்வொரு செல்லில் ஒவ்வொரு விதமாக விழுந்திருந்தது. 2019 இறுதியில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. நோயாளியின் ரத்தச் செல்லைத் திருத்தினால் அது அவரோடு முடியும். கருவைத் திருத்தினால் பேரன் பேத்திக்கும் போகும், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேரியர் தம்பதிக்குச் சோதனைக்குழாயில் கருவுண்டாக்கி, நோயில்லாத கருவைத் தேர்ந்து வைக்கும் முறை ஏற்கெனவே உண்டு, அதற்கு எந்த வெட்டும் வேண்டாம்.

தடுப்பூசி, மரபணு மாற்றிய சோயா எல்லாம் நம் ஜீனை மாற்றுமா?

மாற்றாது. சோயாவின் டி.என்.ஏ.வும் கங்கோங் கீரையின் டி.என்.ஏ.வும் வயிற்றில் ஒரேபோல் செரிக்கும். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி, டி.என்.ஏ. இருக்கும் செல்லுட்கருவுக்குள் நுழைவதே இல்லை, சில நாளில் கரைந்துபோகும். வாட்ஸ்அப்பில் வரும் காணொளியை இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.

எச்சில் அனுப்பினால் நான் சோழர் வம்சமா என்று சொல்வார்களாமே?

சொல்ல முடியாது. ஒப்பிட ராஜராஜனின் டி.என்.ஏ. யாரிடமும் இல்லை. 'தென்னிந்தியர்' என்று முடிவு வரும், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எச்சிலை அனுப்புமுன் ஒன்று யோசியுங்கள்: உங்கள் டி.என்.ஏ. உங்களுடையது மட்டுமில்லை, உங்கள் அண்ணனுடையதும் பாதி. அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. கடன் அட்டை எண் கசிந்தால் வேறு எண் வாங்கலாம்.

சரி சார், கல்யாணத்துக்கு முன் என்ன டெஸ்ட், எங்கே?

பக்கத்து அரசுச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். 'தலசீமியா கேரியர் சோதனை வேண்டும்' என்று நேராகச் சொல்லுங்கள். முதலில் முழு ரத்த எண்ணிக்கை பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஹீமோகுளோபின் வகைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில வாரம் ஆகும். 2016-க்குப் பின் படிவம் 4 முடித்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே எடுத்திருக்கலாம், பழைய கோப்பைத் தேடிப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்று உறுதியானால் கடுமையான தலசீமியா பற்றிய கவலை தீர்ந்தது. இருவரும் கேரியர் என்றால் அழைப்பிதழ் அடிக்குமுன் மரபியல் மருத்துவரிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு என்னிடம் வந்தவர்கள் மூன்று ஜோடி.